பொகோட்டாவா, குண்டினமார்காவா: வீடு எங்கே பார்ப்பது?

சித்தி மகனுக்கு பொகோட்டாவில் இரண்டு வருடத்துக்கு வேலை. ஆகஸ்டில் சேர வேண்டும். அவன், அவன் மனைவி, இரண்டாம் வகுப்பு முடித்த மகள், கூடவே சித்தியும் வருகிறார். போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு வரைபடம் அனுப்பினான். அதில் ஏழெட்டு ஊர்ப் பெயர்களைச் சிவப்பில் சுழித்திருந்தான்.

"எல்லாமே ஆபீஸ்லேர்ந்து எண்பது கிலோமீட்டருக்குள்ளதான்கா. இதுல வாடகை கம்மியா உள்ள ஊரா ஒண்ணு சொல்லுங்க, முடிச்சிடலாம்."

"ஒவ்வொரு ஊரும் எவ்வளவு உயரத்துல இருக்குன்னு பார்த்தியா?"

பார்க்கவில்லை. ஐந்து வருடம் முன்பு நாங்கள் வந்தபோது நானும் பார்க்கவில்லை, அதற்கான தண்டத்தை ஒரு வருடம் கட்டினேன். அவனுக்குப் போனில் சொன்னதையும், சார்ஜ் போனதால் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். குடும்பத்தோடு இந்தப் பக்கம் வருகிற வேறு யாருக்காவதும் பயன்படும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பொகோட்டா கொலம்பியாவின் தலைநகரம். அதைச் சுற்றியிருக்கும் மாநிலம் குண்டினமார்கா. 1991 அரசியலமைப்பின்படி பொகோட்டா தனியான தலைநகர் மாவட்டம். குண்டினமார்காவின் ஆளுநருக்கு நகரத்தின்மீது எந்த அதிகாரமும் கிடையாது. ஆனால் அவருடைய மாநிலத்துக்குத் தலைநகரமும் அதே பொகோட்டாதான், அவர் அலுவலகமும் அங்கேதான். வீட்டை மகன் பேருக்கு எழுதிவைத்துவிட்டு அதே வீட்டில் முன்னறையில் குடியிருக்கும் அப்பா மாதிரி. அப்பாவுக்கு 116 நகராட்சிகள், 2018 கணக்கெடுப்பில் சுமார் 29 லட்சம் பேர். மகனிடம் மட்டும் 70 லட்சத்துக்கு மேல். மகன் ஏற்கெனவே ஒருமுறை அப்பாவின் நிலத்தை வளைத்தவன்தான்: இன்று நகரத்தின் பகுதிகளாக இருக்கும் உசாகேன், சூபா, ஃபொன்திபோன், போசா எல்லாம் 1954 வரை தனித்தனி ஊர்கள். இப்போது எல்லையை ஒட்டிய சியாவிலும் சொவாச்சாவிலும் இருக்கிறவர்களுக்கு உள்ளூர ஒரு பயம் உண்டு, அடுத்தது நாமா என்று.

வீடு தேடுகிறவருக்கு இதில் என்ன? நகர எல்லையைத் தாண்டினால் குப்பைக் கட்டணம், வீட்டு வரி, பஸ், சில இடங்களில் தண்ணீர்க்காரர் எல்லாம் மாறும். நகர பஸ் அட்டை எல்லைக்கு அப்பால் பெரும்பாலும் செல்லாது.

இனி உயரம். பொகோட்டா 2,640 மீட்டர். நீலகிரியின் தொட்டபெட்டா சிகரம் 2,637. ஊட்டியிலிருந்து வண்டி பிடித்துப்போய், காது அடைக்க, ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு அரை மணி நேரம் நின்றுவிட்டு இறங்குவோமே, அந்த உச்சியில் சென்னை அளவுக்கு ஒரு நகரம். ஆனால் கொண்டை ஊசி வளைவும் தேயிலைச் சரிவும் எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம்தான். மேலே ஏறியதும் தஞ்சாவூர் மாதிரி கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையான நிலம். சபானா என்பார்கள். பழங்காலத்தில் பெரிய ஏரியாக இருந்து வற்றிய தரை. இங்கிருந்த முயிஸ்கா மக்களின் கதையில், பொசிகா என்ற பெரியவர் கோலால் பாறையைத் தட்டித் தண்ணீரை வெளியேற்றினார், அப்படி உண்டானதுதான் தெகெந்தாமா அருவி. சபானாவின் நீர் எல்லாம் இன்றும் பொகோட்டா ஆறாக அந்தப் பக்கம்தான் இறங்குகிறது.

பூமத்திய ரேகைக்கு ஐந்து டிகிரிக்குள் இருப்பதால் வருடம் முழுக்க வெப்பத்தில் பெரிய ஏற்ற இறக்கம் கிடையாது. மழைக்காலம் மட்டும் இரண்டு, மார்ச்சிலிருந்து மே வரை ஒன்று, அக்டோபர் நவம்பரில் இன்னொன்று. குளிரா வெயிலா என்பதை மாதம் தீர்மானிப்பதில்லை, நீங்கள் நிற்கும் உயரம் தீர்மானிக்கிறது. ஆயிரம் மீட்டர் இறங்கினால் ஏறத்தாழ ஆறு டிகிரி கூடும். அதனால் இங்கே யாரும் "மே மாசம் வரட்டும்" என்று சொல்வதில்லை. வெயில் வேண்டுமென்றால் பஸ் ஏறிக் கீழே போகிறார்கள். ஆயிரம் மீட்டருக்குக் கீழே வெப்ப நிலம், அதற்கு மேல் இரண்டாயிரம் வரை மித நிலம், மூவாயிரம் வரை குளிர் நிலம், அதற்கும் மேலே மூடுபனியும் சதுப்புமான பாராமோ. ஒரே மாநிலத்துக்குள் இந்த நான்கும் இருக்கின்றன. மக்தலேனா ஆற்றங்கரை ஹிரார்தோவில் 300 மீட்டர்கூட இல்லை.

எனக்கு இதையெல்லாம் புரியவைத்தது தோசை மாவு. பொகோட்டா சமையலறையில் ராத்திரி ஆட்டி வைத்த மாவு மறுநாள் காலை வைத்தது வைத்தபடி இருந்தது. அன்று மாலையும் அப்படியே. ஓவனுக்குள் விளக்கைப் போட்டு வைத்து, மொத்தம் முப்பது மணி நேரம் கழித்துத்தான் ஒரு குமிழி கண்ணில் பட்டது. துவரம் பருப்பு அதைவிட மோசம். இந்த உயரத்தில் தண்ணீர் 91 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் மணிக்கணக்காக வெந்தாலும் பருப்பு நறுக்கென்றே நிற்கும். குக்கர் இல்லாமல் சாம்பார் கிடையாது. அதே மாவை ஒரு விடுமுறைக்கு ஹிரார்தோவுக்கு எடுத்துப்போனோம். நள்ளிரவில் மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்து, வாடகை வீட்டு ஃபிரிஜ்ஜுக்கு மேலே பூத்திருந்தது. அன்றிலிருந்து ஒரு ஊரைப் பற்றி யார் கேட்டாலும், மாவு எத்தனை மணி நேரத்தில் பொங்கும் என்றுதான் மனது முதலில் கணக்குப் போடுகிறது.

தம்பியின் குடும்பத்துக்கு முக்கியமானவை நான்கு. அவன் ஆபீஸ் வடக்கே நூறாம் தெருவில், வாரத்தில் மூன்று நாள் போக வேண்டும். மனைவிக்கு வீட்டிலிருந்தே வேலை, அதனால் இணையம் அறுபடக் கூடாது. பிள்ளைக்குப் பள்ளி. சித்திக்கு 66 வயது, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை, முழங்கால் வலி.

நகரத்துக்குள்ளேயே

இதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை, ஏனென்றால் கையில் காசு இருந்தால் இதுதான் சுலபம். உசாகேன், செத்ரீத்தோஸ் பக்கம் அடுக்குமாடி வீடு. ஆபீஸ் பக்கம், பெரிய மருத்துவமனைகள் பக்கம், கீழே இறங்கினால் கடை. வாடகை, சங்கப் பராமரிப்புப் பணம், மின்சாரம், தண்ணீர் எல்லாமே மேலே. இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் 1 முதல் 6 வரை 'எஸ்த்ராத்தோ' என்று ஒரு தர எண் உண்டு. வீடு இருக்கும் இடத்தைப் பார்த்துக் கொடுக்கிற எண். 1, 2, 3-க்கு மின்சாரத்திலும் தண்ணீரிலும் மானியம், 5, 6 கூடுதலாகக் கட்டி அதைச் சுமக்கின்றன, 4 நடுவில் நின்று அடக்க விலை கட்டுகிறது. வெளிநாட்டுக்காரர்களுக்கு ஏஜென்ட் முதலில் காட்டுவது 6-தான். 4-ல் நல்ல வீடுகள் நிறைய உண்டு, கேட்டு வாங்குங்கள்.

ஒப்பந்தம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இது எல்லையின் இரு பக்கத்துக்கும் பொது. 2003-ன் 820-வது சட்டப்படி குடியிருப்பு வீட்டுக்கு அட்வான்ஸ் டெபாசிட் வாங்கவே கூடாது. வருட வாடகை உயர்வும் முந்தைய வருட விலைவாசி உயர்வைத் தாண்டக் கூடாது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய நமக்கு இது சொர்க்கமாகத் தோன்றும். பிறகு அவர்கள் ஃபியாதோர் கேட்பார்கள். அதாவது, சொந்த வீடு உள்ள ஒருவர் உங்களுக்காக ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். புதிதாக வந்திறங்கியவருக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? வாடகைக் காப்பீடு மூலம் சமாளிக்கலாம், கம்பெனியே ஒப்பந்தம் போட்டால் இன்னும் நல்லது. தம்பியிடம் நான் சொன்னது: சம்பளம் பேசும்போதே இதையும் பேசு.

வடக்கே சியாவும் காஹிகாவும்

பெரும்பாலான குடும்பங்கள் கடைசியில் வந்து நிற்கும் இடம் இது. சியா என்றால் முயிஸ்கா மொழியில் நிலா. அந்த மக்களின் வழித்தோன்றல்கள் இன்றும் இங்கேயும் பக்கத்து கோத்தாவிலும் தங்கள் சமூக அமைப்போடு இருக்கிறார்கள். மற்றபடி ஊரின் முகம் மாறிவிட்டது. இருபது வருடம் முன்பு பால் மாடு மேய்ந்த வயலில் இன்று செங்கல் நிற வீடுகள், வாசலில் காவலாளி, நடுவே புல்வெளி. நகரத்தில் இரண்டு படுக்கையறைக்குக் கொடுக்கும் வாடகைக்கு இங்கே மூன்று படுக்கையறையும் ஒரு துண்டுத் தோட்டமும் கிடைக்கும். இருமொழிப் பள்ளிகள் நகரத்தின் வடக்கு விளிம்பிலும் இங்கேயும்தான் குவிந்திருக்கின்றன. பள்ளி நாட்காட்டி இரண்டு வகை என்பதைக் கவனியுங்கள்: ஒன்று பிப்ரவரி முதல் நவம்பர் வரை, மற்றது ஆகஸ்ட் முதல் ஜூன் வரை. ஆகஸ்டில் வருகிற பிள்ளைக்கு இரண்டாவதுதான் தோது. லா சபானா பல்கலைக்கழகத்தின் மருத்துவமனையும் சியாவிலேயே இருப்பதால் சித்தியின் ரத்த அழுத்தத்துக்கு நகரம் ஓட வேண்டியதில்லை.

குறை என்றால் சாலை. நூறாம் தெருவிலிருந்து சியா இருபது கிலோமீட்டர்தான். ஞாயிறு காலை அரை மணி நேரத்தில் போய்விடலாம். செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்குக் கிளம்பினால் ஒன்றேகால் மணி, மழை பெய்தால் இரண்டு. போகிற வழியில் சுங்கச்சாவடி வேறு. வார நாட்களில் நகரத்துக்குள் 'பீகோ இ பிளாகா' உண்டு. காலை 6 முதல் இரவு 9 வரை, நம்பர் பிளேட்டின் கடைசி எண்ணைப் பொறுத்து, ஒரு நாள் ஓட்டலாம், ஒரு நாள் கூடாது. அந்த மூன்று நாளில் ஒன்றிரண்டு அடிபடலாம். அன்றைக்கு பஸ்ஸில் நகரத்தின் வடக்கு முனையமான போர்த்தால் நோர்த்தே வரை போய், அங்கிருந்து டிரான்ஸ்மிலேனியோ என்ற தனித்தட நகர பஸ்.

இன்னொன்று, குளிர். நகரத்தை விடச் சில மீட்டர் தாழ்வுதானே என்று எண்ணக் கூடாது. கட்டடங்களின் கதகதப்பு இல்லாத வெட்டவெளி. ஜனவரியில் வானம் தெளிந்த இரவுகளில் சபானாவில் உறைபனி விழும், காலையில் புல் சாம்பல் பூசியது போலிருக்கும், உருளைக்கிழங்கு விவசாயிகள் தலையில் கை வைப்பார்கள். வீடுகளில் ஹீட்டர் வழக்கம் கிடையாது. நாங்கள் முதலில் குடியிருந்த வீட்டுக்காரர் "கணப்படுப்பு இருக்கிறது" என்று பெருமையாகக் காட்டினார். ஜூன் மாத ஈர விறகை அதில் பற்றவைத்துப் புகையில் கண் எரிந்து ஜன்னலைத் திறந்து, உள்ளே இருந்த கொஞ்ச வெப்பத்தையும் அனுப்பிவைத்தோம். ஷவர் மின்சாரத்தில் சூடாகிற வகை. முதல் நாள் குழாயைத் தொட்டதும் சுள்ளென்று ஒன்று கை வழியாக ஏறியது. கேஸ் ஹீட்டர் இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன்பே பாருங்கள்.

காஹிகா இன்னும் சில கிலோமீட்டர் வடக்கே. கம்பளி விரிப்புகளுக்குப் பேர்போன ஊர். சியாவை விட அமைதி, வாடகையும் கொஞ்சம் குறைவு. சதுக்கத்தைச் சுற்றிக் காலை நடை போக சமதளம், சித்தியின் முழங்காலுக்கு அது பெரிய விஷயம். பேக்கரியில் வயதானவர்கள் ருவானா போர்த்தி உட்கார்ந்திருப்பார்கள். நம் ஊர்க் கம்பளியின் நடுவே தலை நுழைய ஓட்டை போட்டால் அதுதான் ருவானா. அவர்கள் சித்தியைப் பார்த்ததும் "சுமெர்சே" என்றுதான் விளிப்பார்கள். இந்த மேட்டுநிலத்துக்கே உரிய சொல், தாங்கள் என்பதற்கும் கண்ணு என்பதற்கும் நடுவில் எங்கேயோ நிற்கிறது. இங்கே கணவன் மனைவிகூட ஒருவரையொருவர் 'உஸ்தெத்' என்று, அதாவது நீங்க போட்டு, பேசிக்கொள்வது சாதாரணம். சித்திக்கு இந்த ஊர் பிடிக்கும் என்று எனக்கு இப்போதே தெரியும்.

சிபாகிரா

என் சொந்த விருப்பம் கேட்டால் இதுதான், ஆனால் தம்பிக்கு இதைச் சொல்ல மாட்டேன்.

நகரத்திலிருந்து நாற்பது, நாற்பத்தைந்து கிலோமீட்டர். பழைய ஓட்டு வீடுகள், பெரிய சதுக்கம், மேலே உப்பு மலை. முயிஸ்காக்கள் இங்கே உப்புத் தண்ணீரை மண்பானைகளில் காய்ச்சிக் கட்டி உப்பாக்கி, அதைக் கொடுத்துத்தான் பருத்தியும் தங்கமும் வாங்கினார்கள். எல் தொராதோ என்று ஐரோப்பா முழுக்கப் பேராசையைக் கிளப்பிய அந்தத் தங்கம் இந்த மேட்டில் விளைந்தது கிடையாது, உப்பு விற்று வந்தது. முயிஸ்கா தலைவர்கள் சடங்காகக் குவாத்தவீத்தா ஏரியில் கொட்டிய தங்கக் காணிக்கையைத் தேடி 16-ஆம் நூற்றாண்டிலேயே ஏரிக்கரையை வெட்டிப் பிளந்தார்கள், அந்தப் பிளவு இன்றும் தெரிகிறது. அந்தச் சடங்கைக் காட்டும் தங்கத் தெப்பம் கடைசியில் கிடைத்தது 1969-ல், வேறெங்கோ, தெற்கே பாஸ்கா என்ற ஊர்க் குகையில்.

சுரங்கத்துக்குள் 180 மீட்டர் ஆழத்தில் உப்பிலேயே குடைந்த தேவாலயம் இருக்கிறது. முதலில் 1954-ல் திறந்தது, பாதுகாப்புக் காரணத்தால் மூடி, இப்போதிருப்பதை 1995-ல் திறந்தார்கள். நோபல் பரிசு பெற்ற நாவலாசிரியர் கார்சியா மார்கேஸ் உயர்நிலைப் படிப்பை இந்த ஊர் விடுதிப் பள்ளியில்தான் முடித்தார், குளிரைச் சபித்துக்கொண்டே. 2019-ல் டூர் த பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்ற முதல் லத்தீன் அமெரிக்கர் ஏகன் பெர்னால் வளர்ந்ததும் இங்கே. வாடகை சியாவில் பாதிக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். வீட்டிலிருந்து வேலை செய்கிற தம்பதியாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வரலாம். வாரம் மூன்று நாள் நூறாம் தெருவுக்கு என்றால் முடியாது, போக வர நான்கு மணி நேரம் வண்டியிலேயே போய்விடும்.

கிழக்கே லா கலேரா

படத்தில் பார்த்தால் இதுதான் வெல்லும். தம்பியின் மனைவி அனுப்பிய புகைப்படங்கள் எல்லாம் இந்த ஊர்தான்: பச்சை மலை, கண்ணாடிச் சுவர் வீடு, கீழே விளக்குகளாக பொகோட்டா. ஏழாம் சாலையிலிருந்து மலையேறி பாத்தியோஸ் கணவாயைத் தாண்டி இறங்கினால் பதினெட்டு கிலோமீட்டரில் ஊர். கணவாய் ஏறத்தாழ 3,000 மீட்டர். ஞாயிறு காலையில் அந்த ஏற்றம் முழுக்க சைக்கிள்காரர்கள்.

இங்கே நான் தயங்குவதற்குக் காரணங்கள் உண்டு. நகரத்துக்கு நேர்ச் சாலை ஒன்றே ஒன்று, ஒரு லாரி நின்றால் எல்லாரும் நிற்க வேண்டும். ஊர் 2,700 மீட்டருக்கு மேலே, வீடுகள் பல அதற்கும் மேலே. பொகோட்டாவிலேயே கடல்மட்டத்தில் கிடைக்கும் ஆக்சிஜனில் முக்கால் பங்குதான் மூச்சுக்குக் கிடைக்கிறது. ரத்த அழுத்தம் உள்ள சித்தியை இன்னும் ஏற்றிவிட்டு, படிக்கட்டு நிறைந்த மலைச்சரிவு வீட்டில் குடிவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மருத்துவரிடம் கேட்டுவிட்டே வரச்சொல்லியிருக்கிறேன், எந்த ஊரானாலும்.

மூன்றாவது காரணம் தண்ணீர், இது கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது. நகரம் குடிக்கும் தண்ணீரில் சுமார் 70 சதவீதம் கிழக்கே சிங்காசா பாராமோவிலிருந்து வருகிறது. பாராமோ என்றால் மூவாயிரத்துக்கு மேலே பஞ்சு போல் ஊறிக் கிடக்கும் நிலம். அங்கே ஃப்ரைலெஹோன் என்ற செடி இருக்கிறது. மொத்தமான தண்டு, உச்சியில் முயல் காது மாதிரி மெத்தென்ற சாம்பல் இலைகள். ஒரு வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளரும், ஆள் உயரச் செடி என்றால் அதற்கு வயது நூறைத் தாண்டும். மூடுபனியை அந்த ரோமங்களில் பிடித்துத் துளித்துளியாக மண்ணில் இறக்குகிறது. முதல்முறை பார்த்தபோது ஓர் இலையைத் தடவினேன். குளிர்ந்த ஈரம், கை எடுத்தபிறகும் விரலில் நின்றது. நகரத்தின் குழாய் அங்கே தொடங்குகிறது.

2024-ல் மழை பொய்த்தது. சிங்காசாவின் சூசா அணை வரலாறு காணாத அளவுக்கு வற்ற, ஏப்ரல் 11-லிருந்து பொகோட்டாவை ஒன்பது மண்டலமாகப் பிரித்து முறை வைத்து 24 மணி நேரம் தண்ணீரை நிறுத்தினார்கள். அக்கம்பக்கத்து ஊர்கள் சிலவும் அதில் அடக்கம். ஒரு வருடம் நீடித்தது. சென்னைக்காரிக்கு இதில் என்ன புதுமை, இரண்டு டிரம் வாங்கி வைத்தேன். மாடிவீட்டு அம்மா பார்த்துச் சிரித்தார், மூன்றாம் வாரம் கடன் கேட்டு வந்தார். நகரத்துக்கான சான் ரஃபேல் நீர்த்தேக்கமே லா கலேரா எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆனால் அதன் கரையோரம் மேட்டில் குடியிருக்கும் தோழி, ஜன்னலில் அத்தனை தண்ணீரையும் பார்த்துக்கொண்டே லாரிக்குப் போன் போட்டுக் காத்திருந்தாள். அந்தப் பக்கம் வீடு பார்த்தால் 'தண்ணீர் யார் தருகிறார்கள், தொட்டி எத்தனை லிட்டர்' என்பதே முதல் கேள்வி.

மேற்கும் தெற்கும்

ஃபுன்சா, மொஸ்கேரா, மத்ரித், ஃபாகாததிவா. சபானாவின் இந்தப் பக்கம்தான் பூ விளைகிறது. விமானத்தில் இறங்கும்போது கீழே வெள்ளை பிளாஸ்டிக் கூரைகள் கடல் மாதிரி தெரியுமே, அவைதான். ரோஜா, கார்னேஷன், சாமந்தி வகைகள். வருடம் முழுக்கப் பன்னிரண்டு மணி நேரப் பகல், உறுத்தாத குளிர், அரை மணி தூரத்தில் விமான நிலையம். இதை வைத்தே நெதர்லாந்துக்கு அடுத்து உலகில் அதிகம் வெட்டுப்பூ ஏற்றுமதி செய்யும் நாடாகிவிட்டது கொலம்பியா. பிப்ரவரி 14-க்கு முந்தைய மூன்று வாரம் இந்த ஊர்களில் பெண்கள் இருட்டோடு பஸ் ஏறி இருட்டியபின் திரும்புவார்கள். ஓசூர்ப் பக்கம் பார்த்தவர்களுக்குக் காட்சி புரியும்.

வாடகை மலிவு, நிலம் சமம், கடைகண்ணி உண்டு. ஆனால் லாரிகளும் கிடங்குகளும் அதிகம், வடக்கு ஆபீஸுக்கு நகரத்தையே குறுக்கே கடக்க வேண்டும். ஃபாகாததிவாவிலிருந்து ரெஹியோத்ராம் என்ற ரயில் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், அது ஓடத் தொடங்கினால் கணக்கு மாறும். விமான நிலையப் பக்கம் வேலை உள்ளவர்களுக்கு இப்போதே சரிதான்.

சொவாச்சாவை தம்பி ஏன் சுழித்தான் என்றால், வாடகை அங்கேதான் ஆகக் குறைவு. உள்நாட்டுப் போரில் ஊரை இழந்து வந்தவர்கள் அடைக்கலம் தேடிய ஊர், ஆறு லட்சத்துக்கு மேல் மக்கள். எங்கள் கட்டடத்துக் காவலாளி அங்கிருந்துதான் வருகிறார், அதிகாலை மூன்றரைக்கு எழுந்து. அவரிடமே கேட்டேன். "புதுசா வர்ற குடும்பத்துக்கு வேண்டாம் சேன்யோரா, எனக்கே வழியிருந்தா மாறிடுவேன்" என்றார்.

மலை இறங்கினால்

சபானாவின் விளிம்பைத் தாண்டியதும் சாலை சட்டென்று கவிழும். ஸ்வெட்டரைக் கழற்றுவது முதல் வளைவில், ஜன்னலைத் திறப்பது மூன்றாவதில், வாழை தெரிவது ஐந்தாவதில். தெகெந்தாமா அருவியும் அப்படியொரு விளிம்புதான், 130 மீட்டர் வீழ்ச்சி. நகரத்தின் சாக்கடை முழுக்க அந்த ஆற்றில் கலப்பதால் வாசனை அருவிக்கு முன்பே வந்துவிடும். ஆற்றைச் சுத்தப்படுத்தச் சொல்லி 2014-ல் தீர்ப்பே வந்தது, வேலை மெல்ல நடக்கிறது.

லா மேசா, 1,200 மீட்டர். மேடை போன்ற தட்டை மலைமேல் ஊர், அதனால் அந்தப் பெயர். நம் மேசைதான் அது. போர்த்துகீசியர் வழியாக நமக்கு வந்த அதே சொல் இங்கே ஊராக நிற்கிறது. கொல்லையில் மாமரம், சந்தையில் மரவள்ளி, வாழைக்காய், கொத்துமல்லி. வியேத்தாவிலிருந்து வரும் பனேலா என்பது அச்சு வெல்லமேதான். கரும்புச்சாற்றைக் கொப்பரையில் காய்ச்சும் வாசனை சாலை வரை வரும். அதில் பாயசம் வைத்துக் கொடுத்தால் ஊரில் வைத்ததென்று சத்தியம் செய்வீர்கள். மாவு ஒரே ராத்திரியில் பொங்கும். சித்தியின் முழங்காலுக்கு மருந்தே இந்த வெப்பம்தான்.

ஃபூசாகசுகா இன்னும் நடுவாந்தரம். 1,700 மீட்டர், குன்னூரை ஒட்டிய காற்று, தோட்ட நகரம் என்று பேர். கல்லூரி, மருத்துவமனை எல்லாம் உள்ள சரியான நகரம். வெப்பமும் இல்லை, குளிரும் இல்லை. ஓய்வு பெற்ற பொகோட்டாக்காரர்கள் பாதிப் பேர் இங்கேதான் வந்து சேருகிறார்கள்.

ஆனால் ஃபூசாவிலிருந்து வருகிறவர் சொவாச்சா நெரிசலுக்குள் புகுந்துதான் நகரத்துக்குள் வர வேண்டும். மழைக்காலத்தில் மண்சரிவு விழுந்தால் அன்று சாலையே இல்லை. கொலம்பியாவில் விடுமுறைகளில் பாதிக்கு மேல் சட்டப்படி திங்களுக்கு நகர்த்தப்பட்டவை, அதனால் மூன்று நாள் விடுமுறைகள் அடிக்கடி வரும். அந்தத் திங்கள் மாலை மொத்த நகரமும் மலையேறித் திரும்பும். நுழைவுச் சாலைகளில் நண்பகலிலிருந்து நான்கு மணி வரை ஒரு வகை நம்பர் பிளேட் வண்டிகள், நான்கிலிருந்து எட்டு வரை மற்ற வகை என்று பிரித்து விடுவார்கள். ஒருமுறை லா மேசாவிலிருந்து திரும்ப எங்களுக்கு ஐந்தரை மணி நேரம் ஆனது, வாங்கிய மாம்பழத்தில் பாதி வழியிலேயே தீர்ந்தது. தினசரிப் பயணத்துக்கு இந்த ஊர்கள் கிடையவே கிடையாது.

தம்பிக்குச் சொன்னது

காஹிகா. சியாவில் நல்ல வீடு அமைந்தால் சியா. எஸ்த்ராத்தோ 4, தரைத்தளம், கேஸ் ஹீட்டர், மேற்குப் பார்த்த ஜன்னல். ஒரு வருட ஒப்பந்தம் மட்டும். மலை இறங்கி வாழும் ஆசையை வாரக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்: இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சித்தியை ஃபூசாவில் ஒரு வாரம் தங்கவைத்து முழங்காலைச் சூடேற்றிக் கூட்டிவரலாம். வந்திறங்கிய முதல் வாரம் மாடிப்படி, மூட்டை தூக்குதல், வயிறு முட்டச் சாப்பாடு மூன்றும் வேண்டாம் என்றேன்.

எல்லாம் கேட்டுவிட்டு போனை சித்தியிடம் கொடுத்தான். சித்திக்கு உயரமும் எஸ்த்ராத்தோவும் காதில் விழவில்லை.

"ஏண்டி, கோயமுத்தூர் கிரைண்டரைப் பெட்டியில போட்டுக் கொண்டு வந்துடறேன். அங்க ஓடுமோல்லியோ?"

ஓடாது சித்தி. இங்கே 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். அமெரிக்காவுக்கு அனுப்புகிற மாடல் என்று கடையில் கேளுங்கள், அதை வாங்கிக்கொண்டு வாருங்கள். கல்லைத் தனியாகச் சுற்றிக் கைப்பையில் வைக்காதீர்கள், விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள்.